விசாரணைக்கு அழைத்துச் சென்றவர் வீடு திரும்பவில்லையா? முதல் மணி நேரத்திலிருந்து செய்ய வேண்டியவை

"சின்ன விசாரணைதான், அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறோம்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் அழைத்துச் செல்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களும் அதை நம்பி, சட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருக்கிறார்கள். 2025 ஜூன் 27 அன்று சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளியை, நகை காணாமல் போன புகாரில், தனிப்படைக் காவலர்கள் அப்படித்தான் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். முறையாக முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்பே விசாரணை நடந்தது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. உடற்கூறாய்வில் 44 காயங்கள் கணக்கிடப்பட்டன.

அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2020 ஜூன் 19 மாலை, சாத்தான்குளத்தில் கொரோனா ஊரடங்கில் அனுமதித்த நேரத்துக்குப் பின்னும் செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசென்றார்கள். அவரைத் தேடிப் போன மகனும் உள்ளே சிக்கினார். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23 அதிகாலையில் தந்தை.

இந்த இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மடப்புரத்தில் தாளே இல்லை. சாத்தான்குளத்தில் எல்லாத் தாளும் இருந்தன: முதல் தகவல் அறிக்கை, அரசு மருத்துவரின் தகுதிச் சான்று, நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) ரிமாண்ட் உத்தரவு, அதாவது காவலில் வைக்கும் உத்தரவு, சிறை அனுமதி. இத்தனை மேசைகளைத் தாண்டி, இரத்தம் கசியும் உடலோடு இருவர் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே காவலில் இருப்பவரின் குடும்பத்துக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏதாவது ஒரு பதிவில் ஏற வேண்டும். ஏறுகிற பதிவு உண்மையாக இருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

முதல் முறையாகக் காவல் நிலைய வாசலில் நிற்கப்போகும் குடும்பத்தார், நண்பர்கள், தெருக்காரர்கள், புதிதாகத் தொழிலுக்கு வந்த இளம் வழக்கறிஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. வெறும் பிரிவு எண்ணை மட்டும் குறிப்பிடும் இடங்களில் அந்தச் சட்டத்தின் பிரிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அழைக்க வந்தவர்களிடம்

யார் வந்திருக்கிறார்கள், எந்த நிலையம், எந்த வழக்கு என்று கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். கேட்காமலும் விட வேண்டாம். வருபவர்கள் சீருடையில் இல்லாமல், பெயர்ப்பட்டை இல்லாமல், தனியார் காரில் வந்திருந்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்று 36-ஆம் பிரிவு சொல்கிறது. மடப்புரத்துக்குப் பிறகு, முறையான அனுமதியின்றி இயங்கிவந்த தனிப்படைகளைக் கலைக்கும்படி அப்போதைய டி.ஜி.பி. உத்தரவிட்டதை நினைவில் வையுங்கள். "நாங்கள் ஸ்பெஷல் டீம்" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த நிலையத்தில் எந்த அதிகாரியின் கீழ் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் எழுத்தில் அழைப்பாணை கொடுக்க வேண்டும். பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்கலாம். நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது (பிரிவு 179). சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன்பு ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி நடுவரின் முன் அனுமதியை எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவரை எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பில் வைக்கக் கூடாது.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது தானாக நடக்கும் காரியம் இல்லை. முதலில் நோட்டீஸ் கொடுத்து ஆஜராகச் சொல்லலாம். கைதுதான் அவசியம் என்றால் அதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஊரில் நடக்கும் அடிதடி, வாய்த்தகராறு, சிறு திருட்டு வழக்குகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள்தான் வரும்.

நிலைய வாசலில்

தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராவது போங்கள். ஒருவர் பேச, மற்றவர் நேரத்தைக் குறிக்கட்டும். பழைய நோட்டுப் புத்தகம் போதும். எத்தனை மணிக்கு நிலையத்துக்குள் நுழைந்தீர்கள், பாராவில் யார் நின்றார், எழுத்தர் என்ன சொன்னார், இன்ஸ்பெக்டர் இருந்தாரா, உங்கள் ஆளைக் கண்ணால் பார்த்தீர்களா, அவர் நடந்தாரா, நொண்டினாரா, என்ன உடை அணிந்திருந்தார் என்று வரிசையாக எழுதுங்கள். பல மாதங்கள் கழித்துக் குறுக்கு விசாரணையில் உங்கள் வாயை அடைக்கப் பார்க்கும்போது இந்தப் பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கைது செய்துவிட்டீர்களா, இல்லையா?" இரண்டில் ஒன்றுதான் பதிலாக இருக்க முடியும். கைது இல்லையென்றால் அவர் எழுந்து வீட்டுக்கு வரலாம். கைது என்றால் அந்த நிமிடத்திலிருந்து சட்டம் விழித்துக்கொள்கிறது. கைது குறிப்பாணை எழுத வேண்டும். அதில் குடும்பத்தவர் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். குறிப்பாணையில் உள்ள நேரத்தைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு அழைத்துச் சென்றவரை மாலை ஆறு மணிக்குக் கைது செய்ததாக எழுதுவதுதான் வழக்கமான தந்திரம். நடுவில் உள்ள ஒன்பது மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராமல் போய்விடும். அப்படி எழுதியிருந்தால் உங்கள் கையெழுத்துக்குக் கீழே "காலை 9 மணிக்கு வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்" என்று எழுதுங்கள். எழுத விடவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் (பிரிவு 47). அவர் குறிப்பிடும் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும் (பிரிவு 48). காரணத்தை எழுத்திலேயே, அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விசாரணையின்போது தன் வழக்கறிஞரைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு. விசாரணை முழுவதும் கூடவே உட்கார்ந்திருக்க முடியாது என்றாலும், வழக்கறிஞர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்பதே உள்ளே இருப்பவர்களின் கையைக் கட்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்கிறது. 15100 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

வெளியே ஒரு பதிவு

"இங்கே அப்படி யாரும் இல்லை" என்று நிலையத்தில் சொல்லிவிட்டால்?

முன்பெல்லாம் இந்த நிலையில் குடும்பத்தார் தந்தி ஆபீசுக்கு ஓடுவார்கள். தலைமை நீதிபதிக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று. தந்தியில் நாளும் நேரமும் அச்சாகியிருக்கும். பின்னால் போலீஸ் வேறு தேதியில் கைது காட்டினால் அந்தத் துண்டுத் தாள் நீதிமன்றத்தில் பேசும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. ஆனால் அதன் வேலையை இன்றைக்கும் செய்யலாம். 112-ஐ அழைத்து, "என் தம்பியை இன்ன நேரத்தில் இன்ன நிலையக் காவலர்கள் கொண்டுபோனார்கள், இருப்பிடம் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். அந்த அழைப்பு பதிவாகும். எஸ்.பி., ஆணையர், மாவட்ட நீதிபதி, மனித உரிமை ஆணையம் ஆகியோருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். விடிந்ததும் அதே வாசகத்தை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நான்கு வரி போதும்: பெயர், நேரம், இடம், கொண்டுபோனவர்கள். கோபம், சாபம், அரசியல் எதுவும் வேண்டாம்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலும் ஒவ்வொரு நிலையத்திலும் கைதானவர்களின் விவரத்தை வைத்திருக்க ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் (பிரிவு 37). அதையும் கேளுங்கள். 24 மணி நேரம் தாண்டியும் நடுவர் முன் நிறுத்தவில்லையென்றால் ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்த உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். தென் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளையை அணுகலாம்.

மருத்துவரிடம் போகும்போது

காவல் வன்முறை வழக்குகள் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். கைதானவரை உடனடியாக மருத்துவர் பரிசோதித்து, காயங்களையும் அவை உண்டான உத்தேச நேரத்தையும் எழுத வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் நபருக்கோ தர வேண்டும் (பிரிவு 53). பெண்ணானால் பெண் மருத்துவர். காவலில் இருக்கும் காலமெல்லாம் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது.

நடைமுறை என்ன? இரவு நேரத்தில் தாலுகா மருத்துவமனை. வரிசையில் காய்ச்சல்காரர்கள், விபத்தில் அடிபட்டவர்கள். இரண்டு காவலர்கள் நடுவில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சட்டையைக் கழற்றச் சொல்ல மருத்துவருக்கு நேரம் இல்லை, சில சமயம் துணிச்சலும் இல்லை. "ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" என்று கேட்கிறார், காவலரின் கை தோளில் இருக்கும்போது அந்த மனிதர் "இல்லை" என்கிறார். சிறைக்கு அனுப்பத் தகுதியானவர் என்று சான்று எழுதப்படுகிறது. சாத்தான்குளத்திலும் அந்தச் சான்று எழுதப்பட்டது.

குடும்பத்தார் மருத்துவமனைக்கே போய்விடுங்கள். மருத்துவரிடம் மரியாதையாக, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: "டாக்டர், இவரை லத்தியால் அடித்திருக்கிறார்கள். உடை கழற்றிப் பாருங்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள்." அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர். நகல் என்று சொல்லப்படுவது இந்த விபத்துப் பதிவேட்டின் நகல்தான். யார் அடித்ததாக நோயாளி சொன்னார், எந்தப் பொருளால், எத்தனை மணிக்கு என்பவை அதில் ஏற வேண்டும். "போலீசார் தாக்கியதாகக் கூறுகிறார்" என்ற ஒரு வரி பின்னாளில் எந்த உரையையும்விடக் கனமானது.

எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அனுபவசாலிகள் முகத்தில் அடிப்பதில்லை. உள்ளங்கால், பிட்டம், தொடையின் பின்புறம், தோள்பட்டைக்குக் கீழே, விரல் கணுக்கள் ஆகிய இடங்களைப் பாருங்கள். லத்தி விழுந்த இடத்தில் இரண்டு இணைகோடுகளாகக் கன்றிப்போயிருக்கும், நடுப்பகுதி வெளிறித் தெரியும். கன்றிய காயம் நாளாக ஆக நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள் என நிறம் மாறும். எனவே வெளியே வந்தவரை அன்றைக்கே புகைப்படம் எடுங்கள், அடுத்து வரும் நாள்களிலும் எடுங்கள். ஒவ்வொரு காயத்தையும் இருமுறை எடுக்க வேண்டும்: உடலில் எந்த இடம் என்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து அருகிலிருந்து ஒன்று. மூலப் படங்களை அழிக்காதீர்கள், மெருகேற்றாதீர்கள். சிறுநீர் கறுத்தோ சிவந்தோ போனால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் மருத்துவமனையில் சேருங்கள். தசை நைந்தால் சிறுநீரகம் செயலிழக்கும்; வெளிக்காயம் சிறியதாகத் தோன்றும்போதே உயிர் போய்விடும்.

அணிந்திருந்த துணியைத் துவைக்காதீர்கள். நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கைதான இளைஞன் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படமும், "கழிவறையில் வழுக்கி விழுந்தார்" என்ற செய்தியும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டன. அதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் படித்தவர்களிலும் ஏராளம். கொடிய குற்றம் செய்தவனுக்குத்தானே என்று தோன்றலாம். ஆனால் அவன் குற்றவாளி என்று அந்த நேரத்தில் தீர்மானித்தது யார்? கையை முறிக்கப் பழகிய நிலையம் அடுத்த வாரம் உங்கள் வீட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது. காவல் நிலையங்களில் வழுக்கும் கழிவறைகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே கேள்வி எழுப்பியிருக்கிறது. நாமும் கேட்கப் பழக வேண்டும்.

நடுவர் முன்

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 58, அரசமைப்பின் 22-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது). விடுமுறை நாளிலும் இரவிலும் நடுவரின் குடியிருப்புக்கே கொண்டுபோவார்கள். வேன் வாசலில் நிற்கும், தாள்கள் உள்ளே போகும், கையெழுத்தோடு வெளியே வரும். அந்தச் சில நிமிடங்கள்தான் காவல் நிலையத்துக்கு வெளியே இருக்கும் ஓர் அதிகாரம் உங்கள் ஆளின் உடலைப் பார்க்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பு. வீணாக்கிவிடாதீர்கள்.

"போலீசார் கொடுமைப்படுத்தினார்களா?" என்று நடுவர் கேட்க வேண்டும்; பதிலை எழுத வேண்டும். கேட்காவிட்டால் கைதானவர் தானே சொல்ல வேண்டும்: "ஐயா, அடித்தார்கள். காட்டுகிறேன்." முடிந்தால் வழக்கறிஞரை முன்கூட்டியே அங்கே நிற்க வையுங்கள். காயத்தைக் காட்டி, ரிமாண்ட் உத்தரவிலேயே அதைக் குறிப்பிடவும், வேறு மருத்துவமனையில் மறு பரிசோதனைக்கு உத்தரவிடவும் கேட்கலாம். "நடுவரிடம் சொன்னால் திரும்பவும் எங்களிடம்தான் வருவாய்" என்ற மிரட்டல் பெரும்பாலும் வேனிலேயே முடிந்திருக்கும். அதனால்தான் அவர் முகம் பார்க்கும் தூரத்தில் குடும்பத்தார் நிற்பது அவசியம். சொல்லும் தைரியம் அதில்தான் வரும்.

புதிய சட்டத்தில் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. முன்பு 15 நாள் போலீஸ் காவல் என்பது கைதான முதல் 15 நாள்களுக்குள் முடிந்துவிடும் என்று கொள்ளப்பட்டது. இப்போது வழக்கின் தன்மையைப் பொறுத்து, முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் அந்த 15 நாளைப் பகுதி பகுதியாகக் கேட்கலாம் (பிரிவு 187). சிறைக்குப் போய்விட்டாரே, இனி அடி இல்லை என்று அயர்ந்துவிட முடியாது. ஒவ்வொரு முறை போலீஸ் காவலில் எடுக்கும்போதும், திரும்ப ஒப்படைக்கும்போதும் மருத்துவப் பரிசோதனை கேளுங்கள்.

கையெழுத்து பற்றிச் சுருக்கமாக: போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிரான சான்றாக நிற்காது, பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதீனியத்தின் 23-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் அந்த வாக்குமூலத்தின் பேரில் கண்டெடுத்ததாகக் காட்டப்படும் பொருள் சான்றாக நுழைந்துவிடும். வெற்றுத் தாளில் யாரும் எதற்காகவும் கையெழுத்துப் போடக் கூடாது.

கேமரா

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான உத்தரவு போட்டது. நிலையத்தின் எல்லா வாசல்களிலும், லாக்கப்பிலும், நடைக்கூடங்களிலும், இன்ஸ்பெக்டர் அறையிலும், கழிவறைக்கு வெளியிலும் இரவிலும் தெரியக்கூடிய, ஒலியும் பதிவாகும் சி.சி.டி.வி. கேமராக்கள் இருக்க வேண்டும். பதிவு 18 மாதம் அழியாமல் இருக்க வேண்டும். அத்தகைய கருவி கிடைக்காவிட்டால் ஓராண்டாவது. வன்முறைக்கு ஆளானவர் அந்தப் பதிவைக் கேட்கலாம்.

இப்படி ஓர் உத்தரவு ஏன் தேவை என்பது அதற்குச் சில மாதம் முன்பே சாத்தான்குளத்தில் தெரிந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய நடுவர் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தபோது, கருவியில் சேமிக்க இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தது தெரிந்தது. ஜூன் 19 இரவின் படம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது அதே நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம். சக காவலர்களின் மிரட்டலுக்கு நடுவே உண்மையைச் சொன்னார். வழக்கை எடுத்துக்கொண்ட சிபிஐ ஒன்பது காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. சீருடைக்குள்ளும் மனசாட்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்க வழி செய்வதும் சீர்திருத்தத்தின் பகுதிதான்.

ஆகவே முதல் நாளிலேயே எஸ்.பி.க்கு எழுதுங்கள்: இன்ன நிலையத்தில் இன்ன தேதி இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரையான பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும். நடுவரிடமும் அதே கோரிக்கையை மனுவாகக் கொடுங்கள். நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடை, பெட்ரோல் பங்க், வங்கி ஆகியவற்றின் கேமராக்களையும் விடாதீர்கள். அவற்றில் பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும்.

அடித்தவர்கள் மீது வழக்கு

வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை, கொடுங்காயமானால் பத்து ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். புகார் கொடுத்தால் பெரும்பாலும் வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் வழக்கு பதிந்தே ஆக வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் லலிதா குமாரி தீர்ப்பு. பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு விரைவுத் தபாலில் புகார். அங்கும் அசைவில்லையென்றால் நடுவரிடம் பிரமாண வாக்குமூலத்தோடு மனு (பிரிவுகள் 173, 175). அரசு ஊழியர் மீதான புகாரில் மேலதிகாரியின் அறிக்கையையும் நடுவர் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. காலம் இழுக்கும் வழி இது, முன்கூட்டியே தெரிந்திருங்கள்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராகவும் அடித்தவர் அவ்வாறு அல்லாதவராகவும் இருந்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். அரசு நிவாரணமும் உண்டு. எந்தத் திருட்டு வழக்கிலும் முதலில் இருளர் குடியிருப்பையும் குறவர் குடியிருப்பையும் தேடிப் போகும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை என்பதால் இந்தச் சட்டத்தை மறக்கவே கூடாது.

இவற்றோடு சேர்த்து, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் ஒரு மனு கொடுத்து, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை கேளுங்கள். போலீஸ் துறைக்கு வெளியே உள்ள ஓர் அதிகாரி வாக்குமூலம் பதிவார் என்பதே அதன் பயன்.

இடையில் சமாதானத் தூது வரும். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், சில சமயம் சொந்தக்காரர். பணம் பேசுவார்கள், அல்லது உங்கள் மீது பொய் வழக்கு வரும் என்பார்கள். முடிவு உங்களுடையது, வறுமையில் இருப்பவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அப்படி வந்தவர்களின் பெயர், நேரம், பேசிய வாசகம் அதே நோட்டில் ஏறட்டும்.

உயிர் போய்விட்டால்

எழுதவே கை கூசுகிறது. ஆனால் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது என்பதால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும் (பிரிவு 196). மாநிலத்துக்குள் நடந்த எந்தக் காவல் மரணத்தையும் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1993 முதல் இருக்கிறது. உடற்கூறாய்வுக்கு முன் குடும்பத்தார் உடலைப் பார்க்க வேண்டும், முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும், ஆய்வு வீடியோவில் பதிவாக வேண்டும், நீதிமன்றத்தை நாடப்போவதாகக் குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் 48 மணி நேரமாவது உடலைப் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் மதுரைக் கிளை வழிகாட்டுதல் தந்தது. அதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் மனு கொடுங்கள். ஆய்வு முடிந்த பிறகும் அவசரப்பட்டு எரியூட்ட வேண்டாம். எரித்துவிட்டால் மறு ஆய்வு இல்லை.

மனித உரிமை ஆணையம்

கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, தமிழில் எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். தேசிய ஆணையம், மாநில ஆணையம் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்; ஒன்றில் நிலுவையில் இருப்பதை மற்றது எடுக்காது. மாநில ஆணையத்தின் பரிந்துரை வெறும் ஆலோசனை அன்று, அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. இழப்பீட்டைப் பொறுத்தவரை 1993-ஆம் ஆண்டின் நீலாபதி பெஹரா தீர்ப்பிலிருந்து அது குடும்பத்தின் உரிமை. யாருடைய கருணையும் இல்லை.

காலம் பிடிக்கும். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையினரும் போலீசாரும் பழங்குடி மக்கள் மீது நடத்திய வன்கொடுமைக்கு 2011-ல்தான் தண்டனை. 2023-ல்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். உயிரோடிருந்த அனைவருக்கும் தண்டனை கிடைத்ததற்குக் காரணம், அந்த மலைக் கிராமத்துப் பெண்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் நின்றதுதான்.

போலீசை விசாரிக்கப் போலீஸ்

2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. அவற்றில் ஒன்று, மாநில, மாவட்ட அளவில் காவல்துறைப் புகார் ஆணையங்கள். தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி. தமிழ்நாடு 2013-ல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. அதில் மாநிலப் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர், மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். யார் மீது புகாரோ அவரது மேலதிகாரியே மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இது தீர்ப்பை நிறைவேற்றியதாகாது. காவலில் இருந்தவர் உடலில் காயம் இருந்தால் காவலர்தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தைத் திருத்தும்படி சட்ட ஆணையம் 1985-லேயே பரிந்துரைத்தது, இன்றுவரை திருத்தவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. காவலர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி என்ற சுவர் 218-ஆம் பிரிவில் நிற்கிறது. 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று சேர்த்திருப்பது மட்டும் சிறிய முன்னேற்றம். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் யாரும் கைதாகாத காலத்திலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தகவல் உரிமை மனு அனுப்புங்கள். எங்கள் நிலையத்தில் எத்தனை கேமராக்கள், எந்தெந்த இடத்தில், இன்றைக்கு எத்தனை வேலை செய்கின்றன? பதிவு எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது? உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த மாவட்டக் கண்காணிப்புக் குழு கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது, குறிப்புகளின் நகல் தருக. பதில் தர 30 நாள் அவகாசம்; ஒருவரின் உயிர், சுதந்திரம் தொடர்பான தகவலானால் 48 மணி நேரம். பதில் வரவில்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன் பின் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம். வந்த பதிலை நகலெடுத்து, ஊர் நூலகத்திலும் கிராம சபையிலும் படிக்கக் கொடுங்கள்.